ஒரு சின்னக் குப்பிக்குள்ள முந்நூறு வருஷத்து வரி

போன வாரம் எங்க களத்துமேட்டுல உட்கார்ந்து ஸ்காட்லாந்து பீர் குடிச்சு, அதுக்கு மார்க்கும் போட்டோம். இதை எழுதலாமா வேண்டாமான்னு மூணு நாள் யோசிச்சேன். உழவு, மழை, மாடு, கோயில் கொடைன்னு எழுதுற ஆளு குடியைப் பத்தி எழுதினா, பட்டணத்துல இருந்து படிக்கிற நீங்க என்ன நினைப்பீங்களோன்னு ஒரு கூச்சம். ஆனா அந்தக் குப்பிக்குள்ள இருந்தது சம்சாரி கதை. அதனால எழுதுறேன்.

எங்க ஊர் டீக்கடை அண்ணாச்சி மகன் எடின்பரோவுல வேலை பார்க்கான். லீவுக்கு வந்தவன் நாலு குப்பி கொண்டு வந்திருந்தான். ஏர்போர்ட்டுல ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் விடுவாங்களாம். ஒவ்வொண்ணும் 330 மில்லிதான். கருப்புக் குப்பி, மேல ஒரு பழைய வீட்டுப் படம்.

"சித்தப்பா, இது கடையில கிடைக்கிற பீர் மாதிரி இல்ல. ஏல்னு சொல்லுவாங்க. ஐஸ் போடக்கூடாது, மடக்குன்னு குடிக்கக்கூடாது. மோந்து பாத்து கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். அங்க நாலு பேரு கூடி குடிச்சுட்டு மார்க் போடுவாங்க"ன்னு சொன்னான்.

அப்போ நாமளும் போடுவோம்னு ஆரம்பிச்சதுதான். பட்டாளத்து மாமா, அண்ணாச்சி, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சார்வாள், நான். சார்வாள் குடிக்க மாட்டாரு. அவரோட தம்பி குடியிலேயே நாப்பது வயசுல போய்ச் சேர்ந்தவரு. அந்த வீட்டு நிலைமை ஊருக்கே தெரியும். அதனால கூப்பிடவே தயங்கினேன். அவரா வந்து, "நான் மோந்து பாத்து மார்க் போடுதேன், நீங்க குடிச்சுப் போடுங்க. ரெண்டும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பாப்போம்"னு பழைய காலண்டர் தாளைக் கிழிச்சு கட்டம் போட்டுட்டாரு. நிறம், வாசனை, ருசி, தொண்டை. நாலுக்கும் பத்துப் பத்து மார்க்.

மார்கழிச் சாயங்காலம். கீழ்க்காட்டுல மல்லி பூத்துக் கிடந்தது. குப்பியை மண்பானைத் தண்ணியில ஒரு மணி நேரம் போட்டு வச்சிருந்தோம். அங்க பாதாள அறையில வச்சிருக்கிற குளிர்ச்சி இம்புட்டுதான் இருக்கும்னான் தம்பி. எவர்சில்வர் டம்ளர்ல கால்வாசி ஊத்தினான். சுக்குக் காப்பி நிறம். டார்ச் அடிச்சுப் பாத்தா ஓரத்துல மாதுளம்பழச் சிவப்பு. நுரை லேசா வந்து அடங்கிடுச்சு.

மாமா குப்பியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு கேட்டாரு: "என்ன மாப்ள, ஒரு வாய்க்கு வருமா இது? இம்புட்டுக் குப்பியில 7.2 சதவீதம்னு போட்டிருக்கான். சரக்கு வீரியமா இருக்கு, குப்பி சின்னதா இருக்கு. என்ன கணக்கு?"

இந்தக் கேள்விக்கு அன்னைக்குத் தம்பி பாதி பதில் சொன்னான். மீதியை நான் ஒரு வாரமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

முதல்ல செய்முறை, ஏன்னா அதுல இருந்துதான் எல்லாம் வருது. பார்லியை ஊறப்போட்டு முளைகட்ட விடணும். நம்ம வீட்டுல கேப்பை முளைகட்டி சத்துமாவுக்குக் காயவைக்கிறோமே, அதே வேலைதான். முளை விட்டதும் சூட்டுல காயவச்சு நிறுத்திடுவாங்க. அதுக்குப் பேர் மால்ட். முளைக்கும்போது தானியத்துக்குள்ள இருக்கிற மாவு இனிப்பா மாறத் தயாராயிடுது. அதை நுணுக்கி வெந்நீர்ல ஊறவச்சா இனிப்புச் சாறு இறங்கும். அந்தச் சாறை ஹாப்ஸ்ங்கிற கசப்புப் பூவோட கொதிக்கவச்சு, ஆறவச்சு, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிட்டா ஏல்.

தேங்காய்ப்பால் எடுக்கும்போது தலைப்பால், ரெண்டாம் பால்னு எடுப்போமில்லையா? அங்கேயும் அப்படித்தான். அதே மால்ட்டுல முதல் தடவை வெந்நீர் ஊத்தி இறக்கினா கெட்டிச்சாறு. மறுபடி ஊத்தினா நீர்த்த சாறு. தலைச்சாறுல செய்யறது வீரியமான ஏல், விசேஷத்துக்கு, பெரிய வீட்டுக்கு. பின்சாறுல செய்யறது அன்றாடம் குடிக்கிற லேசான ஏல், வேலையாட்களுக்கு. நாங்க குடிச்சது தலைப்பால் வகை. அதையும் ரொம்ப நேரம் கொதிக்கவிட்டு வத்தவைப்பாங்க. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டிப் பாகு எடுக்கிற மாதிரி.

இதை நான் சொல்ல வரும் முன்னாடியே அண்ணாச்சி ஒரு வாய் குடிச்சுட்டு, "ஏ, இது கருப்பட்டில்லா! கருப்பட்டியைக் கொஞ்சம் கருகவிட்டு, பேரீச்சம்பழத்தை ஊறப்போட்ட மாதிரி இருக்கு"ன்னாரு. சார்வாள் மோந்துட்டு எழுதி வச்சிருந்த வார்த்தையைக் காட்டினாரு. "வேம்பார் கருப்பட்டி, அடிப்பிடிச்சது." ரெண்டு பேருக்கும் பொருத்தம் பத்துக்குப் பத்து.

இந்த ஏல் காய்ச்சுற வேலை அங்க முதல்ல பொம்பளைங்க கையில இருந்தது. 1509ல அபர்தீன்ங்கிற ஊர்ல 150க்கு மேல ஏல் காய்ச்சுறவங்க இருந்தாங்க, அத்தனை பேரும் பெண்கள். வீட்டுக்குக் காய்ச்சி, மிச்சத்தை வாசல்ல வச்சு விக்கிறது. நம்ம ஊர்ல இட்லிக்கடை ஆச்சிமார் மாதிரி. அந்தக் காலத்து நகரச் சட்டம் ஒண்ணு படிச்சேன். மோசமான ஏல் காய்ச்சினா அபராதம் கட்டணும், இல்லாட்டி நாலு பேர் பாக்க ஒரு நாற்காலியில உட்காரவைப்பாங்க. பிடிச்ச ஏலை என்ன செய்வாங்க தெரியுமா? மூணுல ரெண்டு பங்கு ஏழைகளுக்கு, ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்கு. நல்லா இல்லைன்னுதானே பிடிச்சாங்க! ரேஷன் அரிசி ஞாபகம் வந்துச்சு எனக்கு.

அவங்க மண்ணுல விளைஞ்சது பேர்ன்னு ஒரு நாட்டுப் பார்லி. 90 நாள் பயிர். குளிர் தேசத்துல கோடை கொஞ்ச நாள்தான், அதுக்குள்ள முத்திடும். மண் சரியில்லாட்டியும் வரும். ஆனா மகசூல் குறைவு, மணியும் சின்னது. இங்கிலாந்துப் பார்லி பக்கத்துல வைக்க முடியாது. ஆர்க்னித் தீவுல இன்னைக்கும் விதைக்கிறாங்க. எங்க கரிசல் நாட்டுச் சோளத்தோட தம்பி மாதிரி எனக்குத் தோணுச்சு.

இப்போ வரிக்கு வருவோம்.

1707ல ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே நாடா இணைஞ்சது. இங்கிலாந்துல அப்பவே மால்ட்டுக்கு வரி உண்டு. புஷலுக்கு 6 பென்ஸ். புஷல்ங்கிறது சுமாரா 36 லிட்டர் அளக்கிற மரக்கால்னு வச்சுக்கோங்க. பிரான்சோட நடந்துக்கிட்டிருந்த சண்டை முடியுற வரைக்கும் ஸ்காட்லாந்துக்கு இந்த வரி கிடையாதுன்னு இணைப்பு ஒப்பந்தத்துலயே எழுதினாங்க. 1713ல சண்டை முடியுற நேரம், அதே 6 பென்ஸை இங்கேயும் போடுன்னு லண்டன்ல மசோதா வந்துடுச்சு.

ஸ்காட்லாந்துக்காரன் கேட்டது நியாயமான கேள்வி. எங்க மணி சின்னது, விலை கம்மி. உங்க உசந்த பார்லிக்குப் போடுற வரியை எங்க நாட்டு ரகத்துக்கும் அப்படியே போட்டா எப்படி? இதுல கோபம் எவ்வளவு தூரம் போச்சுன்னா, இணைப்பையே கலைச்சுடலாம்னு 1713 ஜூன்ல பிரபுக்கள் சபையில தீர்மானம் வந்தது. கொண்டு வந்தவர் 1707ல இணைப்புக்கு முன்னால நின்ன பிரபு. ஓட்டு எண்ணினப்போ நேர்ல வந்தவங்க ரெண்டு பக்கமும் சமம். வராதவங்க அனுப்பின ஓட்டையும் சேர்த்ததுல நாலே நாலு ஓட்டுல தீர்மானம் தோத்துப் போச்சு. நாலு பேர் மாறிக் கை தூக்கியிருந்தா, பிரிட்டன்ங்கிற தேசம் ஆறாவது வருஷத்துலயே பார்லி மூட்டைக்காகப் பிரியுற வழியில போயிருக்கும்.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்ப முடியல. பள்ளிக்கூடத்துல பிரிட்டிஷ் சாம்ராஜ்யம், சூரியன் மறையாதுன்னு எல்லாம் படிச்சோம். இதை யாரும் சொல்லல.

சட்டம் வந்தாலும் ஸ்காட்லாந்துல வசூல் பண்ண முடியல. சும்மா கிடந்தது. பிறகு 1725ல வால்போல் பாதியா குறைச்சு, புஷலுக்கு 3 பென்ஸ்னு போட்டு, இந்தத் தடவை வசூலிச்சே தீருவேன்னு அதிகாரிகளை அனுப்பினாரு. ஜூன் மாசக் கடைசி. கிளாஸ்கோவுல ஜனங்க அதிகாரிகளை மால்ட் கிட்டங்கிக்குள்ளேயே விடல. அந்த ஊர் எம்.பி. டேனியல் கேம்பல் வரிக்கு ஆதரவா நின்னாருன்னு அவரோட மாளிகையை அடிச்சு நொறுக்கிட்டாங்க. பட்டாளம் வந்து சுட்டது. சனம் செத்தது. ஊர் மேயர் மொதக்கொண்டு கைது. எடின்பரோவுல ஏல் காய்ச்சுறவங்க அடுப்பையே அணைச்சுட்டாங்க. வேலைநிறுத்தம்.

கடைசியில என்னாச்சு? வரி நின்னது. கேம்பலுக்கு நஷ்ட ஈடு கிளாஸ்கோ ஊர் மக்கள் தலையில விழுந்தது. அவர் மறுவருஷமே ஐலா தீவை விலைக்கு வாங்கிட்டாரு. அந்தத் தீவுதான் இன்னைக்கு விஸ்கிக்கு உலகப் பேர் வாங்கின தீவு. பார்லி வரிக்காகச் செத்தவங்க குடும்பத்துக்கு என்ன கிடைச்சதுன்னு நானும் தேடிப் பாத்தேன். ஒண்ணும் கண்ணுல படல.

ஏழைபாழை குடிச்ச ஏலுக்கு அப்போ "டிப்பனி"ன்னு பேர். ரெண்டு பென்ஸ் ஏல்னு அர்த்தம். மால்ட்டுக்கு வரி ஏறினா காய்ச்சுறவன் என்ன செய்வான்? ஒண்ணு விலையை ஏத்தணும், இல்ல தண்ணியைக் கூட்டணும். டிப்பனி நீர்த்துப் போச்சு. ஜனங்க பாத்தாங்க, மலை இடுக்குல திருட்டுத்தனமா விஸ்கி வடிக்க ஆரம்பிச்சாங்க. லேசான சரக்குக்கு வரி போட்டதுல வீரியச் சரக்கு வளர்ந்தது. மாமா இந்த இடத்துல ஒண்ணும் பேசாம என்னைப் பாத்தாரு. எனக்கும் புரிஞ்சுது. எங்க பக்கம் பனைமரம் ஏறாத வீடு கிடையாது. 1987 ஜனவரியில இருந்து கள் இறக்கக் கூடாது. என் தாத்தா வச்ச பனை, என் காடு, நான் கள் இறக்கினா கேஸ். ஆனா ரெண்டு மைல் தள்ளி பிராந்திக் கடை உண்டு. சரி, இதைப் பத்தித் தனியா எழுதணும். கள்ளும் பிராந்தியும் ஒண்ணேதான்னு சார்வாள் சொல்லுவாரு, அவர் பட்ட பாட்டுக்கு அவரோட நியாயம் அவருக்கு.

குப்பி மேல இருந்த வீட்டுக்கு வாரேன். அது டிரகுவேர் மாளிகை. எடின்பரோவுக்குத் தெக்க, ஆள் குடியிருப்பு விடாம இருக்கிற வீடுகள்ல ஸ்காட்லாந்துலயே பழசுன்னு சொல்றாங்க. 1107ல இருந்து கணக்கு. 1745ல ஸ்டூவர்ட் ராஜவம்சத்து சார்லஸ் இளவரசன் லண்டன் அரசை எதிர்த்துக் கிளம்பினப்போ, கூடச் சேர்ந்தவங்களுக்கு ஜேக்கபைட்டுன்னு பேர். இணைப்பு மேல இருந்த கசப்பும் மால்ட் வரிக் கோபமும் அந்தக் கலகத்துக்குக் கொஞ்சம் உரம் போட்டதுதான். டிரகுவேர் வீட்டுப் பிரபு இளவரசனை வழியனுப்பிட்டு, கரடிச் சிலை வச்ச தலைவாசல் கேட்டைப் பூட்டினாரு. ஸ்டூவர்ட் ராஜா திரும்பப் பட்டம் கட்டினாத்தான் திறப்பேன்னு சபதமாம். கலகம் தோத்துச்சு. கேட் இன்னைக்கு வரைக்கும் பூட்டியே கிடக்கு. வீட்டுக்காரங்களே பக்கத்து வழியாத்தான் போறாங்க. எங்க ஊர்லயும் பங்காளிச் சண்டையில ஒரு வீட்டு முன்வாசல் முப்பது வருஷமா திறக்காம இருக்கு. 280 வருஷம் அவங்களால கூட முடியாது.

அந்த மாளிகைக்குள்ள ஒரு ஏல் கொட்டகை உண்டு. வீட்டாருக்கும் பண்ணையாட்களுக்கும் காய்ச்சினது. கொதிக்கவைக்கிற செப்பு அண்டா 1739ல வாங்கினது. 1800களோட ஆரம்பத்துல காய்ச்சுறதை நிறுத்திட்டாங்க. பெரிய கம்பெனிக்காரன் மலிவா காய்ச்சும்போது வீட்டுக்கு வீடு எதுக்கு? அண்டாவும் மரத்தொட்டியும் தட்டுமுட்டுச் சாமானுக்கு அடியில கிடந்திருக்கு. 1965ல அந்த வீட்டு வாரிசு பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட், 20ஆவது தலைமுறைப் பிரபு, எல்லாத்தையும் தூசி தட்டி மறுபடி காய்ச்ச ஆரம்பிச்சாரு. இப்போ அவர் மகள் பாத்துக்கிறாங்க. இன்னைக்கும் ஓக் மரத்தொட்டியிலதான் புளிக்கவைக்கிறாங்க. எங்க சின்னையா வீட்டுப் பரண்ல நாலு கமலைச் சால் கிடக்கு. யாராவது எடுத்துத் தூசி தட்டினா தேவலை.

இடையில கம்பெனிக் காலம் ஒண்ணு ஓடுச்சு. எடின்பரோவுக்குக் கீழ நல்ல தாதுத் தண்ணி உள்ள கிணறுகள் உண்டு. அதை நம்பி ஊருக்குள்ள ஆலை மேல ஆலை. அந்த ஊருக்கே புகைக்காரிழவின்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு செல்லப் பேர். 1856ல வில்லியம் மெக்கிவன் ஆரம்பிச்ச ஆலை பெருசா வளர்ந்து, நம்ம நாட்டுக்கும் பீர் அனுப்பியிருக்கு. அவர் பணத்துல எடின்பரோ யுனிவர்சிட்டிக்குக் கட்டின மண்டபம் 1897ல திறந்தாங்க. தம்பி அந்த வழியாத்தான் தினம் பஸ்ல போறானாம்.

அப்போ ஏலுக்குப் பேரே விலைதான். ஒரு பீப்பாய் 60 ஷில்லிங்னா 60 ஷில்லிங் ஏல். 80 ஷில்லிங், 90 ஷில்லிங்னு போகப் போக வீரியம் ஏறும். பிரஸ்டன்பான்ஸ்ங்கிற கடலோர ஊர்ல பவுலர் கம்பெனி 12 கினி ஏல்னு ஒண்ணு போட்டாங்க. கினிக்கு 21 ஷில்லிங், 12 கினின்னா 252 ஷில்லிங். அம்புட்டு விலை, அம்புட்டு வீரியம். அதைப் பெரிய குப்பியில யார் வாங்குவா? பைண்ட்டுல மூணுல ஒரு பங்கு பிடிக்கிற குட்டிக் குப்பியில, 190 மில்லி சுமாருக்கு, அடைச்சு வித்தாங்க. ஜனங்க அதுக்கு வச்ச பேர் "வீ ஹெவி". "வீ"ன்னா அவங்க பேச்சுல சின்னது. சின்னப் பெருசுன்னு வச்சுக்கலாம், இல்ல குட்டி கனத்தது. அதுவே இந்த வகை ஏலுக்கெல்லாம் பொதுப்பேர் ஆயிடுச்சு. மாமா, உங்க கேள்விக்குப் பதில் இதுதான்.

ஆனா அந்தக் குப்பி சின்னதாவே நின்னதுக்கு இன்னொரு வரியும் காரணம். மால்ட் வரியை எடுக்கணும்னு பிரிட்டன் விவசாயிங்க பல வருஷம் போராடினாங்க. தன் பார்லியை முளைகட்டித் தன் மாட்டுக்குப் போட்டாக்கூட வரி கேட்டா யாருக்குத்தான் எரியாது? 1880ல கிளாட்ஸ்டன் எடுத்தாரு. எடுத்துட்டு, வரியைச் சாறோட கெட்டித்தன்மை மேல போட்டாரு. சாறு எம்புட்டு இனிப்போ அம்புட்டு வரி. அது பார்லியில இருந்து வந்தா என்ன, சர்க்கரையில இருந்து வந்தா என்ன, சர்க்காருக்கு ஒண்ணுதான். உடனே கம்பெனிக்காரன் மலிவான சர்க்கரையையும் மக்காச்சோளத்தையும் தாராளமா கலக்க ஆரம்பிச்சான். வரியை எடுன்னு கேட்ட சம்சாரிக்கு வரி போச்சு, கூடவே மார்க்கெட்டுல ஒரு பங்கும் போச்சு. கொஞ்ச வருஷத்துலயே "சுத்தமான பார்லியிலதான் காய்ச்சணும்னு சட்டம் போடு"ன்னு அதே விவசாயிங்க மறுபடி மனு கொடுத்திருக்காங்க. கேட்டதைக் கொடுக்கிற மாதிரி கொடுத்துக் கெடுக்கிறதுல சர்க்காருக்கு எந்த நாடா இருந்தா என்ன.

அப்புறம் முதல் உலகப்போர். 1914ல ஒரு பீப்பாய்க்கு வரி 7 ஷில்லிங் 9 பென்ஸ். 1920ல 100 ஷில்லிங். சாறு கெட்டியா இருந்தா வரி கொல்லும். அதனால எல்லாக் கம்பெனியும் பீரை நீர்த்துப்போக விட்டாங்க. தலைப்பால் ஏல் மட்டும் ஒரு மூலையில குட்டிக் குப்பியில பிழைச்சுக் கிடந்தது. 1960களோட ஆரம்பத்துல பவுலர் ஆலையையும் மூடிட்டாங்க. பெல்ஜியத்துல இந்த ருசிக்கு ஆள் இருந்ததால அங்க அனுப்புற ஏல் மட்டும் வீரியமாவே இருந்துச்சாம். சொந்த ஊர்ல ஒழிஞ்சது அசலூர்ல பிழைக்கிறது நமக்கும் தெரிஞ்ச கதைதான்.

பட்டாளத்து மாமா வெலிங்டன்ல டிரெயினிங் எடுத்தவரு. மலை மேல அந்தக் காலத்துலயே வெள்ளைக்காரன் பீர் காய்ச்சினான்னு அவர் சொன்னப்போ நான் கேலி பண்ணேன். தேடிப் பாத்தா உண்மைதான். தென்னிந்தியாவுல இருந்த அஞ்சு பழைய பீர் ஆலைகளை, நீலகிரி ஆலை ஒண்ணு அதுல சேர்த்தி, ஒண்ணாக்கி 1915ல யுனைடெட் புரூவரீஸ்னு கம்பெனி ஆரம்பிச்சவர் தாமஸ் லீஷ்மன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர். அப்போ வெள்ளைப் பட்டாளத்துக்குப் பெரிய பீப்பாய்கள்ல மாட்டுவண்டியில பீர் போயிருக்கு. நம்ம மாடு, நம்ம வண்டிக்காரன். பின்னாடி மெக்கிவன் ஆலை வழிவந்த ஸ்காட்டிஷ் அண்டு நியூகாசில் கம்பெனி பெங்களூரு கம்பெனியில பெரிய பங்கு வாங்கி, 2008ல அந்தப் பங்கு ஹெய்னகென் கைக்குப் போச்சு. நீங்க ஊர்ல குடிக்கிற கிங்ஃபிஷருக்கும் அந்த எடின்பரோப் புகைக்கும் இப்படி ஒரு சொந்தம். மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்.

சரி, மார்க். முதல்ல திறந்தது டிரகுவேர் ஹவுஸ் ஏல், 7.2 சதவீதம், ரெண்டு குப்பி. நிறத்துக்கு எல்லாரும் 9. வாசனைக்கு சார்வாள் 8, அண்ணாச்சி 8, நான் 7. எனக்கு அந்த மர வாசனை முதல்ல புதுக் கதவு மாதிரி அடிச்சுது. ருசிக்கு மாமா 5 போட்டாரு. "இனிப்பா இருக்கு. சரக்குன்னா சுருக்குன்னு ஏறணும்"னாரு. அண்ணாச்சி 9. டீ போடுற நாக்கு, பாகு பதம் தெரிஞ்ச நாக்கு. நான் 8. முழுங்கினப்புறம் ஒரு கசப்பு வந்து இனிப்பை வழிச்சுட்டுப் போகுது. அது இல்லாட்டித் திகட்டியிருக்கும். தொண்டைக்கு எல்லாரும் 8, லேசா ஒரு கதகதப்பு. தம்பி விலையைச் சொன்னான். மாமா டம்ளரை மெதுவா கீழ வச்சுட்டு, "முதல்லயே சொல்லப்பிடாதா, நிதானமா குடிச்சிருப்பேம்லா"ன்னாரு. ருசி மார்க்கை 7ஆ திருத்தச் சொன்னாரு. சார்வாள் ஒத்துக்கல.

மூணாவது குப்பி ஜேக்கபைட் ஏல், 8 சதவீதம். அந்தக் கலகத்தோட 250ஆவது வருஷத்துக்காக 1995ல முதல்ல காய்ச்சினது. சார்வாள் மோந்து பாத்துட்டு தலையைத் தூக்கினாரு. மறுபடி மோந்தாரு. எழுந்து போயி கீழ்க்காட்டு வரப்புல நின்னுட்டு வந்து மூணாவது தடவை மோந்தாரு.

"எலே, இதுல மல்லி இருக்குடே."

தம்பி சிரிச்சுட்டான். மல்லி விதை போட்டுத்தான் அதைக் காய்ச்சுறாங்க. குடிச்ச எங்களுக்கு நாக்குல ஏதோ ஒரு காரசாரம்னு மட்டும்தான் தெரிஞ்சுது. குடிக்காத மனுஷன் மூக்கு கண்டுபிடிச்சுது. நாப்பது வருஷம் இந்தக் காட்டுல மல்லி போடுறேன். குழம்புக்குப் போகும், ஊறுகாய்க்குப் போகும், கமிஷன் கடைக்காரன் ஈரம்னு கழிப்பான், இதுதான் மல்லிக்குத் தெரிஞ்ச உலகம். அது ஒரு ஸ்காட்லாந்துப் பிரபு வீட்டு மரத்தொட்டிக்குள்ள போகும்னு நான் கண்டேனா?

வாசனைக்கு சார்வாள் 10 போட்டாரு. நான் 9. ருசியில முதல் ஏல்தான் எனக்கு ஒரு படி மேல. மாமாவுக்கு இதுதான் பிடிச்சது, "இதுல கொஞ்சம் மனுஷன் இருக்கான்"னு 8 போட்டாரு. அண்ணாச்சி மல்லியை டீயில போட்டா எப்படி இருக்கும்னு யோசிக்கப் போயிட்டாரு, மார்க் போட மறந்துட்டாரு.

இருட்டிடுச்சு. சார்வாள் கடைசியா காலண்டர் தாளை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டே சொன்னாரு. "எந்தம்பி இப்படி மோந்து பாத்து, மார்க் போட்டு, கால் டம்ளரை ஒரு மணி நேரம் குடிச்சிருந்தான்னா..." அதோட நிறுத்திட்டாரு. யாரும் ஒண்ணும் சொல்லல. மாமா மிச்சம் இருந்ததைக் குடிக்காம டம்ளரைத் தள்ளி வச்சாரு.

நாலாவது குப்பி திறக்கல. எங்க வீட்டு அரிசிப் பானைக்குள்ள இருக்கு. வீட்டம்மாவுக்குத் தெரியும், ஒண்ணும் சொல்லல. தம்பி ஊருக்குத் திரும்பும்போது வறுத்து அரைச்ச மல்லிப்பொடி அரைக்கிலோ கொடுத்து விட்டேன். தைக் கடைசியில அறுப்பு.